வாவிக்கரை இரவுகள்

1848 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், இலங்கைக் குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவெழுந்த பின் கோட்டைத் துறையிலிருந்து தோணியேறி, வாவியின் அடியிலிருந்து எழும் விந்தை ஒலியைக் கேட்கச் சென்றார். அவ்வொலி ஊரிகளின் குரல் என்று தோணி வலித்த மீனவர் சொன்னார்கள். தோணிப் பலகையில் காதை வைத்தால் ஒலி பெருகிக் கேட்பதையும், நுண்மையான பல நாதங்கள் கலவாமல் தனித்தனியே ஒலிப்பதையும் அவர் வியந்து எழுதிவைத்தார். அன்று தொடங்கி மட்டக்களப்பின் இரவு என்றால் உலகுக்குத் தெரிந்தது மீனின் பாட்டே. 'மீன்பாடும் தேன்நாடு' என்று நாமும் அதையே பெருமையாகச் சொல்லிவருகின்றோம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்த இசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு கவிதையே செய்தார்.

மீன் பாடட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்த வாவியின் இரு கரைகளிலும் இரவிரவாகப் பாடியும் ஆடியும் வந்த மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பகலெல்லாம் சேற்றில் நின்றவன் இரவில் அருச்சுனனாக நின்றான். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு யார் செலவு செய்தார்கள், அதிலிருந்து யார் விலக்கப்பட்டார்கள், அந்த இரவுகளைப் பின்னர் யார் பறித்தார்கள் என்பவை வரலாற்றுக் கேள்விகள். இரசனைக் கேள்விகளாக மட்டும் அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

ஏறக்குறைய ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமாகத் தெற்கு வடக்காகக் கிடக்கும் இவ்வாவி மட்டக்களப்பை இரண்டாகப் பிரிக்கின்றது. கதிரவன் எழும் கடற்புறம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப் புறம் படுவான்கரை. சனம் நெருங்கிய ஊர்களும் நகரமும் பாடசாலைகளும் எழுவான்கரையில். பரந்த வயல்கள் படுவான்கரையில். நிலமுடையவர் போடியார். அவருடைய வயலை நடத்தியவன் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே கூலிக்கும் பங்குக்கும் உழைத்தவர்கள் விதைப்பு முதல் வெட்டு முடியும்வரை வயலோர வாடிகளிலே கிடந்தார்கள். இந்த நில உறவை மனத்தில் வையாமல் மட்டக்களப்பின் இரவுக் கலைகளைப் பேசுவோர் பாதியையே பேசுகின்றார்கள்.

வயற்காவலே இப்பகுதியின் முதல் இரவுக் கலைக்கூடம் என்று கூறலாம். யானையும் பன்றியும் இறங்கும் வயலில் பரண் கட்டி விழித்திருந்தவனுக்குத் தூக்கம் பகை. அந்தத் தூக்கத்தைத் துரத்தப் பிறந்தவையே மட்டக்களப்பின் கவிகளிற் பெரும்பாலானவை. நான்கடியில், ஒரு பரணிலிருந்து மறு பரணுக்கு எட்டும்படி இழுத்துப் பாடப்பட்ட காதற் பாட்டுகள் அவை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வயல்களில் காவல் இருந்தமையால் இக்கவி மரபு இரு சாராருக்கும் பொதுவாயிற்று. எது எவருடையது என்று பிரித்தெடுக்க இயலாத அளவுக்கு அவை கலந்துகிடக்கின்றன. பின்னாளில் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் இரவில் அஞ்சும் காலம் வந்தபோது, பரண்களில் மாறிமாறி ஒலித்த பாட்டை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேரோ!

வெட்டு முடிந்ததும் சூடு மிதித்தலும் பெரும்பாலும் இரவிலேயே நடந்தது. மாடுகள் சுற்றிவர, அவற்றின் பின்னே பொலிப் பாட்டு ஒலிக்கும். களவெட்டியில் நாள்தோறும் பேசும் சொற்களைப் பேசுதல் ஆகாது. மாட்டுக்கும் நெல்லுக்கும் கருவிகளுக்கும் வேறு பெயர்கள் உண்டு. பொலியைக் கவர வரும் பூதங்களை ஏமாற்றவே இந்தக் குழூஉக்குறி என்பது நம்பிக்கை. பூதம் நெல்லைக் கொண்டுபோயிற்றோ இல்லையோ, பொலியில் பெரும்பகுதி விடியுமுன் போடியாரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் உறுதி.

நெல் வீடு சேர்ந்த பின்னரே கூத்து. கூத்தின் காலம் அறுவடையோடு கட்டுண்டது. கையிற் சிறிது காசும் நாளிற் சிறிது ஓய்வும் கிடைக்கும் மாதங்களே அதற்கு உரியவை. ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து, யார் அண்ணாவியார் என்று முடிவு செய்வார்கள். அண்ணாவியார் ஆட வருவோரின் குரலையும் உடற்கட்டையும் காற்பதத்தையும் நோக்கிப் பாத்திரம் வகுத்து, அவரவருக்குரிய பாட்டை ஏட்டிலிருந்து எழுதிக் கொடுப்பார். அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். அதன்பின் இரவுதோறும் பயிற்சி. ஆட்டம் ஓரளவு படிந்ததும் சதங்கை அணியும் விழா, பின்னர் கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் கோத்துப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்', இறுதியில் அரங்கேற்றம். அதற்குப் பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் இருந்தது. ஓர் இரவு ஆட்டம் என்று வெளியூரார் காண்பது பல மாதங்களின் முடிவு. அந்த மாதங்களில் ஊருக்கு வேறு பொழுதுபோக்குத் தேவைப்படவில்லை. பழகுமிடத்தில் கூடி, தவறும் தாளத்துக்குச் சிரித்து, அண்ணாவியாரின் வசவைக் கேட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதே போதுமாயிருந்தது. அரங்கேற்றத்தைவிடப் பயிற்சி இரவுகளே சுவையானவை என்று சொல்லும் முதியோர் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

களரி வட்டமானது. சிறிது உயர்த்திய மண்மேடை. சுற்றிலும் நட்ட கம்புகள். மேலே வெள்ளைத் துணி. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். அவர்களைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்கும். எப்புறத்திலிருந்து பார்த்தாலும் எதிர்ப்புறத்து அயலவரின் முகம் தெரியும். முன்னாளில் எண்ணெய்ப் பந்தங்கள், பின்னாளில் பெட்ரோமாக்ஸ், அதன் பின் மின்விளக்கு. முதலில் கட்டியகாரன் வருவான். கொலு வரவை அறிவிப்பான். அவையோரைச் சிரிக்க வைப்பான். பின்னர் ஒவ்வொரு பாத்திரமாக வரவுத்தாளத்துக்கு ஆடி நுழையும்.

கூத்தில் இரு மோடிகள். வடமோடியிற் பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகள், அரசர்க்குக் கரப்புடுப்பு, வீரம் மிக்க ஆட்டம். தென்மோடியில் அலங்காரரூபன் போன்ற கற்பனைக் கதைகள். நுட்பமான தாளக்கட்டு, இழுத்துப் பாடும் இசை. எது உயர்ந்தது என்று ஊருக்கு ஊர் வழக்காடுவார்கள். கன்னன்குடாவிலும் குருமண்வெளியிலும் சீலாமுனையிலும் இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இக்கூத்துகள் ஏன் விடியும்வரை நீண்டன? கற்றவர் பலர் இதைக் கலைக் குறைபாடு என்றார்கள். சுருக்கமறியாப் பாமரர் செய்கை என்றார்கள். அவர்கள் கணக்கிலெடுக்காத காரியம் ஒன்றுண்டு. கூத்தில் இருபது முப்பது பேர் ஆடினார்கள். ஒவ்வொருவனும் ஒரு வீட்டின் பிள்ளை. தன் மகன் களரிக்கு வரும்வரை தாய் பாயில் விழித்திருப்பாள். வந்ததும் அவனுடைய முழு வரவையும், முழு ஆட்டத்தையும் காண்பது அவளுடைய உரிமை. ஒரு சேவகனின் வரவைக் குறைத்தால் ஒரு குடும்பத்தைக் குறைத்ததாகும். கதைக்கு வேண்டாத நீளம் ஊருக்கு வேண்டியதாயிருந்தது. அத்தோடு, அயலூர்களிலிருந்து வாவியைக் கடந்து தோணியில் வந்தோர் இருட்டில் எங்கே திரும்புவது? விடியும்வரை கூத்து நடந்தாலன்றி அவர்களுக்குத் தங்குமிடமில்லை.

அதே காலத்தில் தென்கிழக்காசிய நகரங்களில் இரவு எவ்வாறு விற்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1923 இல் 'புது உலகம்' என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. மலாய்ப் பங்சவான் நாடகமும் சீனக் கூத்தும் நடன மண்டபமும் ஒரே வேலிக்குள் இருந்தன. வாயிலிற் காசு கொடுத்து உள்ளே போக வேண்டும். துறைமுகக் கூலியும் முதலாளியும் அங்கே ஒரே விளக்கொளியில் நடந்தார்கள் என்றாலும், ஆடியவன் தொழிலாளி, பார்த்தவன் நுகர்வோன் என்ற கோடு தெளிவாயிருந்தது. வாவிக்கரைக் கூத்துக்கு நுழைவுச் சீட்டு இல்லை. இவ்வாண்டு பார்த்தவன் அடுத்த ஆண்டு ஆடினான்.

இங்கே நிறுத்திவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். சீட்டு இல்லை என்பதனால் வாயிலே இல்லை என்று பொருளன்று. கூத்து ஊருக்குப் பொது என்றபோது 'ஊர்' என்பது பெரும்பாலும் ஒரு சாதியின் குடியிருப்பையே குறித்தது. பறைமேளம் அடித்தவர்களுக்கும் தனித்த ஆட்டமரபு உண்டு. பறைமேளக் கூத்து என்னும் அந்தக் கலையில் தாள நுட்பம் மிகுதி. கோயிற் சடங்குக்கும் சாவீட்டுக்கும் அவர்கள் இன்றியமையாதவர்கள். ஆயினும் அவர்கள் நின்ற இடம் வெளிவீதி. மத்தளத்தைத் தொட்டவர் அண்ணாவியார், பறையைத் தொட்டவர் தீண்டத்தகாதவர். இரண்டும் தோற் கருவிகளே! இந்த இழிவைச் சுமக்க மனமின்றி அச்சமூகத்தின் இளைஞர் பலர் பறையையே கைவிட்டனர். பின்னர் பறையைத் தமிழர் மரபின் சின்னம் என்று மேடைகளில் முழக்கும் காலம் வந்தபோது, கைவிட்டவர்களை நோக்கி 'ஏன் விட்டீர்கள்?' என்று கேட்கும் துணிவும் சிலருக்கு வந்தது.

பெண்களோ பார்வையாளராக மட்டுமே இருந்தனர். திரௌபதையாயினும் சுபத்திரையாயினும் ஆண்களே ஆடினர். பெண்ணின் துயரை ஆண்குரல் பாட, அதைக் கேட்டுப் பெண்கள் அழுதார்கள். அவர்களுக்குரிய இரவு வேறொன்று இருந்தது. அது கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்கு. கோயிற் கதவு திறந்து நாட்கணக்காக வழக்குரை காவியம் படிக்கப்படும், இறுதியிற் குளிர்த்தி. அம்மையின் வெக்கை தணியவும் மழை வரவும் நோய் நீங்கவும் வேண்டிச் செய்யப்பட்ட இச்சடங்கில் பெண்களின் ஈடுபாடு பெரிது. அரசனின் அநீதியை எதிர்த்து மன்றில் நின்ற ஒருத்தியின் வழக்கை ஆண்டுதோறும் இரவிற் கேட்பது அவர்களுக்கு எதை உணர்த்தியிருக்கும் என்பதை ஆராய நம் அறிஞர்க்கு நேரம் கிடைத்ததில்லை. கண்ணகை வழிபாட்டைச் சார்ந்தே கொம்புமுறி விளையாட்டும் நடந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய கொம்புகளை வடம் பூட்டி இழுக்கும். வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டில் வசைபாடும். பின்னர் எல்லோரும் ஒன்றாவார்கள்.

புளியந்தீவு நகரத்தின் இரவு வேறு வகையானது. போர்த்துக்கேய மொழியின் கிரியோல் வடிவத்தை வீட்டிற் பேசிய பறங்கியர் அங்கும் கடலோரத்து டச்சுபாரிலும் வாழ்ந்தனர். தச்சரும் கொல்லருமாயிருந்த அவர்களின் கல்யாண இரவுகளில் வயலின் இசைக்குக் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் நடக்கும். காத்தான்குடியிலும் தெற்கே அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்களின் பொல்லடி, களிகம்பு ஆட்டங்கள். நோன்பு மாத இரவுகளில் றபான் தட்டிப் பாடித் துயிலெழுப்பிச் செல்லும் பக்கீர் பாவாக்கள். 1928 இல் ரயில் வந்தது. கொழும்பிலிருந்து புதிய மோகங்களும் வந்தன. திரைப்படக் கொட்டகை வந்ததும் கூத்து அழிந்துவிட்டது என்று பலர் எழுதுவது மிகை. கூத்தர்கள் படமும் பார்த்தார்கள், கூத்தும் ஆடினார்கள். எம்.ஜி.ஆரின் வாட்போரைக் கண்டுவந்த இளைஞன் வடமோடியில் இன்னும் உற்சாகமாக வாள் சுழற்றியிருப்பான்.

கூத்துக்கு உண்மையான பகை கற்றோரின் அலட்சியமே. 1814 இல் வெசுலியன் மிசனரிமார் மட்டக்களப்பிற் பள்ளி தொடங்கிய நாள் முதலாக, பள்ளிப்படிப்பு என்றால் கூத்தைவிட்டு விலகுதல் என்றாயிற்று. சைவப் பாடசாலைகளும் இதில் வேறுபட்டு நடக்கவில்லை. 'கூத்தாடி' என்பது வசைச் சொல். விபுலாநந்த அடிகளே 1926 இல் நாடகவியலுக்கென்று 'மதங்க சூளாமணி' இயற்றியபோது சேக்சுபியரையும் வடமொழித் தசரூபகத்தையுமே ஆதாரமாகக் கொண்டார். அடிகளின் பெருமை இதனாற் குறையாது. ஆனால் காரைதீவின் மத்தளச் சத்தம் தமிழ் நாடக இலக்கணத்துக்குள் நுழைய இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. விதிவிலக்காக, தி. சதாசிவ ஐயர் 1940 இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' வெளியிட்டார். 1964 இல் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வந்தது.

திருப்பம் பேராதனையில் நிகழ்ந்தது. 1956 இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகமத்தை அடியாகக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றினார். நாடகமமோ தமிழ்க் கூத்தின் உறவில் வளர்ந்த கலை. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. மொழி பறிபோகும் அச்சத்தில் நின்ற தமிழ்ப் படிப்பாளிகளுக்கு, தமக்கென்று ஒரு தேசிய நாடக வடிவம் உண்டா என்ற கேள்வி அப்போது கூர்மையாயிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக்கு வந்து அண்ணாவிமாரைத் தேடினார், ஏடுகளைப் பதிப்பித்தார், போட்டிகள் நடத்தினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணையோடு பல்கலைக்கழக மாணவரைப் பழக்கிக் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) ஆகியவற்றை அளித்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களின் முதன்மை ஆய்வாளரானார்.

இரவிரவாக ஆடிய கூத்து அப்போது ஒன்றரை மணித்தியாலமாயிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. பெண்கள் ஆடினர், இது பெரும் பேறு. சாதிபேதமின்றி மாணவர் ஆடினர்; இதுவும் பேறே. கொழும்பு மண்டபங்களில் கூத்தர்க்கு மதிப்புக் கிடைத்தது. அம்மதிப்பு ஊர்க் கூத்தனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் விடை அவ்வளவு இனிப்பாயில்லை. மண்டபத்து இரசிகர் கூத்தின் 'வடிவ'த்தை மெச்சினார். வடிவத்தைத் தாங்கிய மாதங்கள், அந்தப் பயிற்சி இரவுகள், அந்தப் பாயில் விழித்த தாய், இவையெல்லாம் வெட்டுண்ட மணித்தியாலங்களோடு வெளியே நின்றுவிட்டன. ஆனால் இவ்வடிவம் புதிய வயிற்றுக்குப் பழைய உணவாக மட்டும் இருந்துவிடவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தபின், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' வடக்கில் கூத்து வடிவில் ஆடப்பட்டது; மௌனகுருவின் 'சங்காரம்' வர்க்கப் போரைக் கூத்தின் தாளத்திற் பேசிற்று. தாழ்த்தப்பட்டவனை வெளிவீதியில் நிறுத்திய கலை அவனுக்காகக் கோயில் வாயிலை உதைத்தது.

இனி அந்த இரவுகள் பறிபோன கதை. 1978 கார்த்திகையில் வந்த சூறாவளி ஊர்களைத் தரைமட்டமாக்கியது. ஆயினும் கூத்து மீண்டது. போர் வேறு வகையானது. 'ஊரடங்குதல்' என்பது மனிதர் உண்டு உறங்கும் வேளைக்குத் தமிழர் வைத்த இனிய சொல். அது ஒலிபெருக்கியிற் பிறப்பிக்கும் கட்டளையாயிற்று. 1987 தை மாதத்தில் கொக்கட்டிச்சோலையிலும், 1991 ஆனியில் மகிழடித்தீவிலும், 1990 புரட்டாதி 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1990 ஓகத்து 3 ஆம் நாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். யாருடைய துப்பாக்கியாயினும், இரவு துப்பாக்கியுடையதாயிற்று. படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே வாவி எல்லையாயிற்று; மாலையானதும் சோதனைச் சாவடி மூடும். தோணியிற் கூத்துப் பார்க்கப் போவதென்பது நினைக்கவும் இயலாத காரியம். எனினும் சில ஊர்களில் கிடைத்த இடைவெளிகளில் ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது நாவலடியும் டச்சுபாரும் அழிந்தன. வயலின் வாசித்த கைகளிற் பலவும் அலையோடு போயின.

2000 ஆம் ஆண்டுகளில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் தோழரும் ஊராரோடு சேர்ந்து செய்த 'கூத்து மீளுருவாக்கம்' கவனத்துக்குரியது. மேடைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகக் கூத்தை ஊரிலேயே வைத்து, அங்கே அதன் சாதியையும் பெண்பற்றிய பார்வையையும் ஊராரே விவாதித்து மாற்ற வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பேராதனை மரபினரோடு இதுபற்றி நிகழ்ந்த விவாதம் காரசாரமானது. நமக்கோ, களரியின் மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதே இதன் பெரும்பயன் என்று படுகின்றது.

2009 இற் போர் முடிந்தது. 2014 சித்திரையில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, பாதையில் மணிக்கணக்காகக் காத்துக் கடந்த வாவியைச் சில நிமிடங்களிற் கடக்கலாமாயிற்று. கல்லடிப் பாலத்தில் மாலைதோறும் குடும்பங்கள் காற்று வாங்குகின்றன. முழுஇரவுக் கூத்தும் படுவான்கரை ஊர்களில் மீண்டும் ஆடப்படுகின்றது. ஆனால் அண்ணாவிமாரிடம் கேட்டால், ஏட்டுக்கோ மத்தளத்துக்கோ குறையில்லை, ஆட்களுக்குத்தான் குறை என்கிறார்கள். சட்டம் கொடுக்கும் நாளிலிருந்து அரங்கேற்றம்வரை மூன்று நான்கு மாதம் ஊரோடு இருக்கக்கூடிய இளைஞன் வேண்டும். அவனோ கடன் தீர்க்கக் கட்டாரிலும் சவூதியிலும் கட்டட வேலை செய்கின்றான். வீமனாக ஆட வேண்டியவன் நடுவில் விசா வந்து போய்விட்டால், வேறொருவனைப் பிடித்து முதலிலிருந்து பழக்க வேண்டும். அரங்கேற்ற இரவில் களரியைச் சுற்றிக் கைத்தொலைபேசிகள் உயர்ந்து நிற்கின்றன. அங்கே வேலை முறை முடிந்து அறைக்குத் திரும்பியவன் தன் இடத்தில் இன்னொருவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.